பாதி பைத்தான், பாதி சி: மெதுவாக ஓடும் நிரலில் நேரம் எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

மேலே பைத்தான், கீழே சி, சி++, ஃபோர்ட்ரான் அல்லது ரஸ்ட் மொழியில் எழுதிக் கம்பைல் செய்த நூலகம். இப்படி அமைந்த நிரல் மெதுவாக ஓடினால், நேரம் நான்கு இடங்களில் ஒன்றில் கரைந்துகொண்டிருக்கும்: பைத்தான் வரிகளில், நூலகத்தின் உள்ளே, இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையைக் கடப்பதில், அல்லது எந்தப் பக்கமும் வேலை செய்யாத காத்திருப்பில். நான்குக்கும் மருந்து வேறு. அதனால் முதலில் கேட்க வேண்டியது எந்தப் பக்கம் என்பதைத்தான். எந்த வரி என்பது அப்புறம்.

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் கையில் கிடைத்த முதல் புரொஃபைலரை (நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கும் கருவி) ஓட்டுகிறார்கள், அது காட்டும் முதல் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள், உடனே திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை பைத்தான் செயற்கூறு ஒன்றை இரண்டு நாள் செலவழித்து சி-யில் மாற்றி எழுதினேன். ஓடும் நேரம் அசையவே இல்லை. காரணம் 4ஆம் படியில் வரும்.

எடுத்துக்காட்டுகளுக்குப் பைத்தானையும், எண் அணிகளைக் கையாளும் நம்பை நூலகத்தையும் எடுத்துக்கொள்கிறேன். ஆர், ரூபி, லுவா என்று மொழி மாறினால் கருவிகளின் பெயர் மாறும். படிகளின் வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

திரும்பத் திரும்ப ஓட்டக்கூடிய ஒரு சிறு ஓட்டம் வேண்டும். 10 நொடிக்குக் குறையாமலும் ஒரு நிமிடத்துக்கு மிகாமலும் இருப்பது நல்லது. மிகச் சிறியதாக இருந்தால் நூலகங்களை ஏற்றும் நேரமே அளவை விழுங்கிவிடும். மிக நீண்டதாக இருந்தால், நாலாவது முறை ஓட்டப் பொறுமை இருக்காது. தற்செயல் எண்களுக்கு விதை எண்ணை நிலையாக வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஓட்டமும் வேறு வேலையைச் செய்யும்.

ஓட்டத்தைச் சுருக்கும்போது பலரும் அணிகளின் அளவைக் குறைத்துவிடுகிறார்கள். இது பெரிய பிழை. 1,000 உறுப்புகள் உள்ள அணி சிபியுவின் கேஷுக்குள் (சிபியுவோடு ஒட்டிய சிறிய, வேகமான நினைவகம்) அடங்கிவிடும். உண்மையான அணியோ அடங்காது. சுருக்கிய நிரலின் நோய் ஒன்றாகவும் உண்மையான நிரலின் நோய் வேறொன்றாகவும் ஆகிவிடும். சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், அணிகளின் அளவைத் தொடாதீர்கள்.

சரியான விடையை இப்போதே ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். வேகம் கூடிய மகிழ்ச்சியில் விடை தவறிப்போனதைக் கவனிக்காமல் விடுவது எல்லோருக்கும் நடக்கும்.

அடுத்து, பெயர்கள். கம்பைல் செய்த நூலகத்தில் பிழைதிருத்தத் தகவல் நீக்கப்பட்டிருந்தால், புரொஃபைலர் செயற்கூறின் பெயருக்குப் பதிலாக வெறும் நினைவக முகவரிகளைக் காட்டும். நூலகம் உங்களுடையது என்றால், ஜி.சி.சி.யிலும் கிளாங்கிலும் உள்ள சிறிய ஜி தேர்வைச் சேர்த்து, ஃபிரேம் பாயின்டரை (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்று பின்தொடர உதவும் குறிப்பு) நீக்காமல் கம்பைல் செய்யுங்கள். வேகப்படுத்தும் தேர்வுகளை மட்டும் நீக்கிவிடாதீர்கள். வேகப்படுத்தாத நூலகத்தை அளந்தால், நீங்கள் ஒருபோதும் ஓட்டப்போகாத வேறொரு நிரலை அளக்கிறீர்கள்.

கடைசியாக, அனுமதி. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வெளியிலிருந்து பார்க்கும் கருவிகளுக்கு இயங்குதளம் எளிதில் வழிவிடாது. மேக் கணினியில் நிர்வாகி உரிமை தேவை. டாக்கர் கொள்கலனுக்குள் ஓடுகிறது என்றால், பிடிரேஸ் உரிமையை (ஒரு நிரல் இன்னொன்றின் உள்ளே பார்க்கும் அனுமதி) கொள்கலனைத் தொடங்கும்போதே கொடுத்துவிட வேண்டும். பாதி வேலையில் இது நினைவுக்கு வந்தால், எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

2. புரொஃபைலருக்கு முன் கடிகாரம்

லினக்ஸிலும் மேக்கிலும் டைம் என்ற கட்டளையோடு நிரலை ஓட்டினால் மூன்று எண்கள் வரும்: சுவர்க் கடிகார நேரம், உங்கள் நிரல் சிபியுவில் செலவிட்ட நேரம், நிரலுக்காக இயங்குதளத்தின் மையமான கெர்னல் செலவிட்ட நேரம். இந்த மூன்றும் பாதி நோயைச் சொல்லிவிடும்.

நிரலின் சிபியு நேரமும் சுவர் நேரமும் ஏறக்குறைய சமம் என்றால், ஒரே திரெட் (நிரலுக்குள் தனித்து ஓடும் ஒரு வேலைச்சரம்) முழுமூச்சாக உழைக்கிறது. சிபியு நேரம் பல மடங்கு கூடுதல் என்றால், பல திரெட்டுகள் ஓடுகின்றன. 3ஆம் படி உங்களுக்கு முக்கியம். இரண்டு சிபியு நேரங்களையும் கூட்டியும் சுவர் நேரத்தில் கால்வாசிகூட வரவில்லை என்றால், நிரல் எதற்கோ காத்திருக்கிறது: வட்டு, வலையமைப்பு, பூட்டு, வேறொரு நிரல், ஜிபியு. இந்த நிலையில் சிபியு புரொஃபைலரைத் திறப்பதே வீண். தூங்குகிறவனிடம் என்ன வேலை செய்தாய் என்று கேட்பது போல. கெர்னல் நேரம் துருத்திக்கொண்டிருந்தால், சிறு சிறு துண்டாகக் கோப்பு படிப்பதையோ, பெரிய அணிகளைத் திரும்பத் திரும்ப உருவாக்கி அழிப்பதையோ சந்தேகப்படுங்கள்.

நிரலுக்குள்ளேயே நேரத்தை அளக்கிறவர்கள் கவனிக்க: பைத்தானின் பெர்ஃப் கவுண்டர் சுவர் நேரத்தைத் தருகிறது. பிராசஸ் டைம் எல்லாத் திரெட்டுகளின் சிபியு நேரத்தையும் கூட்டித் தருகிறது, தூக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாவதை வைத்து அளந்துவிட்டு, திரெட்டுகளைக் கூட்டியதால் நிரல் மெதுவாகிவிட்டது என்று அறிவிப்பவர்கள் உண்டு.

தொடக்கமே தாமதம் என்றால் பைத்தானின் இம்போர்ட்டைம் தேர்வைப் போட்டு ஓட்டுங்கள். 3.7ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. எந்த நூலகத்தை ஏற்ற எத்தனை மைக்ரோநொடி ஆனது என்று வரிவரியாகச் சொல்லிவிடும்.

3. திரெட்டுகளை ஒன்றாகக் குறையுங்கள்

ஓப்பன்பிளாஸ், இன்டெல் எம்கேஎல் போன்ற கணித நூலகங்கள், நீங்கள் கேட்காமலே கணினியில் உள்ள கோர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் திரெட்டுகளை உருவாக்கிக்கொள்ளும். அந்தத் திரெட்டுகளில் சில, வேலை இல்லாதபோதும் சுற்றிச் சுற்றி ஓடியபடி காத்திருக்கும். புரொஃபைலரின் கண்ணுக்கு அதுவும் உழைப்பாகவே தெரியும்.

ஆகவே முதல் அளவீட்டுக்குத் திரெட் எண்ணிக்கையை 1 என்று வையுங்கள். ஓப்பன்எம்பி (வேலையைத் திரெட்டுகளுக்குப் பிரித்துத் தரும் முறை), ஓப்பன்பிளாஸ், எம்கேஎல் மூன்றுக்கும் தனித்தனிச் சூழல் மாறிகள் உண்டு. நம்பை ஏற்றப்படுவதற்கு முன்பே அவற்றை அமைத்தாக வேண்டும், ஏனென்றால் நூலகம் ஏறும்போது ஒருமுறைதான் அவற்றைப் படிக்கிறது. கோப்பின் நடுவில் அமைத்துவிட்டு மாற்றமே இல்லை என்று குழம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐயம் இருந்தால் திரெட்பூல்சிடிஎல் என்ற சிறு நூலகத்தைக் கேளுங்கள். எந்த நூலகத்தில் எத்தனை திரெட் என்று சொல்லும்.

இப்படிக் குறைத்ததும் நிரல் வேகமாகிவிட்டால் வியக்காதீர்கள். 8 கோர் கணினியில் நீங்கள் 8 பைத்தான் செயல்முறைகளைத் தொடங்கி, ஒவ்வொன்றும் தன் பங்குக்கு 8 திரெட்டுகளைப் போட்டிருந்தால், 64 திரெட்டுகள் 8 இருக்கைகளுக்கு முண்டியடித்திருக்கும். நோய் அதுதான் என்றால் வேலை இங்கேயே முடிந்தது.

4. சிபுரொஃபைல்: எண்ணிக்கையை நம்புங்கள், நேரத்தைச் சந்தேகியுங்கள்

பைத்தானோடு வரும் சிபுரொஃபைலை ஓட்டினால் ஒவ்வொரு செயற்கூறுக்கும் அழைப்பு எண்ணிக்கை, சொந்த நேரம், உள் அழைப்புகளையும் சேர்த்த மொத்த நேரம் ஆகியவை கிடைக்கும். மொத்த நேரத்தால் வரிசைப்படுத்தி மேலிருந்து கீழாக இறங்கி எந்தப் பகுதி என்று பாருங்கள். பிறகு சொந்த நேரத்தால் வரிசைப்படுத்துங்கள்.

இனித்தான் பொறி. இந்தக் கருவி செயற்கூறுக்குள் நுழைவதையும் வெளியேறுவதையும் மட்டுமே பார்க்கிறது. இரண்டு அணிகளைக் கூட்டல் குறி போட்டுக் கூட்டினால், அது கருவியின் கணக்கில் செயற்கூறு அழைப்பே இல்லை. நம்பைக்குள் சி நிரல் அரை நொடி ஓடியிருந்தாலும், அந்த அரை நொடி முழுவதும் அந்த வரியைக் கொண்ட பைத்தான் செயற்கூறின் சொந்த நேரமாக எழுதப்பட்டுவிடும். அணிப்பெருக்கலைக் குறியீட்டால் எழுதினால் அது மறைந்துபோகும். அதே பெருக்கலை அணியின் டாட் மெதட்டாக எழுதினால் தனி வரியாகத் தலைகாட்டும். வேலை ஒன்றே, எழுதும் விதத்தால் அறிக்கை மாறுகிறது.

என் இரண்டு நாள் இப்படித்தான் போயிற்று. சொந்த நேரத்தில் முதலிடம் பிடித்த அந்தச் செயற்கூறில் இருந்ததெல்லாம் பெரிய அணிகளின் கூட்டலும் பெருக்கலும்தான். ஏற்கெனவே சி-யில் ஓடிக்கொண்டிருந்ததை மீண்டும் சி-யில் எழுதிக்கொண்டிருந்தேன்.

வேறு சில கோணல்களும் உண்டு. ஒவ்வொரு அழைப்பையும் குறித்துவைக்கக் கருவிக்கே நேரம் ஆகிறது. ஆகவே லட்சக்கணக்கில் அழைக்கப்படும் குட்டிப் பைத்தான் செயற்கூறுகள் உண்மையைவிடக் கனமாகத் தெரியும், ஒரே அழைப்பில் நீண்ட நேரம் ஓடும் சி செயற்கூறு இளைத்துத் தெரியும். இயக்கிவிட்ட திரெட்டைத் தவிர மற்றவற்றை அது சரியாகக் காட்டும் என்றும் நம்பக் கூடாது. பைத்தான் போல எழுதி சி-யாக மாற்றும் சைத்தான் மொழியில் எழுதிய செயற்கூறுகள் (பெயரைத் தமிழில் எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது) புரொஃபைல் வழிகாட்டலைச் சேர்த்துக் கம்பைல் செய்தாலொழிய அறிக்கையில் வராது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். அழைப்பு எண்ணிக்கை துல்லியமானது. மாதிரி எடுக்கும் கருவிகள் அதைத் தருவதில்லை. 6ஆம் படிக்கு அது வேண்டும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. மாதிரி எடுக்கும் புரொஃபைலர்: இரண்டு ஓட்டங்கள்

பை-ஸ்பை என்ற கருவி நிரலுக்கு வெளியே நின்று, நொடிக்கு 100 முறை எட்டிப் பார்த்து, அந்த நேரத்தில் எந்தச் செயற்கூறுக்குள் எது ஓடுகிறது என்ற அடுக்கைக் குறித்துக்கொள்கிறது. நிரலை மாற்ற வேண்டியதில்லை. சுமையும் மிகக் குறைவு. 20 நொடி ஓட்டத்தில் 2,000 மாதிரிகள் கிடைக்கும். ஒரு விழுக்காடு என்று தெரிவதெல்லாம் வெறும் 20 மாதிரி. அந்த அளவிலான வேறுபாடுகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

முதல் ஓட்டம் சாதாரணமாக. இது பைத்தான் வரிகளை மட்டும் காட்டும். இரண்டாவது ஓட்டம் நேட்டிவ் தேர்வோடு. லினக்ஸிலும் விண்டோஸிலும் இது கிடைக்கும். இப்போது பைத்தான் வரிக்கு அடுத்து, அது அழைத்த சி செயற்கூறுகளும் அடுக்கில் சேர்ந்து வரும். முதல் படத்தில் ஒரே பட்டையாகத் தெரிந்த வரி, இரண்டாவது படத்தில் எப்படிப் பிரிகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம்.

ஃபிளேம் கிராஃபை (பை-ஸ்பை தரும் அடுக்குப் பட்டைப் படம்) படிக்கும் முறை: பட்டையின் அகலம்தான் நேரம். இடமிருந்து வலம் காலவரிசை இல்லை. முதல் பட்டை முதலில் ஓடியது என்று கதை கட்டாதீர்கள். அடுக்கின் நுனியைப் பாருங்கள். நுனியில் பைத்தான் வரியே நின்றால் நேரம் பைத்தானில். நுனியில் பெருக்கல், வரிசைப்படுத்தல் போன்ற நூலகத்தின் உண்மையான வேலை நின்றால் நேரம் நூலகத்தில். நினைவகம் ஒதுக்குதல், வகை மாற்றம், தரவை நகலெடுத்தல், வாதங்களைப் பிரித்தெடுத்தல் என்று கணக்குப்பிள்ளை வேலைகளாக நிறைந்திருந்தால் நேரம் எல்லையில்.

பல திரெட்டுகள் உள்ள பைத்தான் நிரலில் ஜிஐஎல் தேர்வையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பைத்தான் வரிகளை ஓட்டும் இன்டர்பிரெட்டருக்கு, ஒரு நேரத்தில் ஒரே திரெட்டை மட்டும் ஓடவிடும் ஜிஐஎல் என்ற பூட்டு உண்டு; அதைக் கையில் வைத்திருக்கும் திரெட்டை மட்டும் இந்தத் தேர்வு மாதிரி எடுக்கும். கம்பைல் செய்த செயற்கூறு நீண்ட நேரம் பூட்டை விடாமல் ஓடுகிறது என்றால் மற்றத் திரெட்டுகள் வாசலில் நிற்கின்றன. நூலகம் பூட்டை எப்போது விடுகிறது என்பது அதை எழுதியவரின் முடிவு. தரவுக்கு அடையாளக் குறி கணக்கிடும் பைத்தானின் ஹாஷ்லிப்கூட 2,047 பைட்டுக்கு மேற்பட்ட தரவுக்குத்தான் பூட்டை விடுகிறது. சிறு துண்டுகளாகக் கொடுத்தால் திரெட்டுகளால் பயன் இல்லை.

அவசரத்துக்கு ஸ்கேலீன் என்ற கருவியும் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் பைத்தான் நேரம், நேட்டிவ் நேரம், கெர்னல் நேரம் என்று பிரித்தே தருகிறது. எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு விரைவான பதில் அது. ஏன் என்ற கேள்விக்கு நான் நுனியைப் பார்க்கத்தான் திரும்பி வருகிறேன்.

6. எல்லையில் கட்டும் சுங்கம்

பைத்தானிலிருந்து சி-க்குப் போகும் ஒவ்வொரு முறையும் வாதங்களைப் பிரிக்க வேண்டும், வகையைச் சோதிக்க வேண்டும், விடைக்கு ஒரு புதிய பைத்தான் பொருளை உருவாக்க வேண்டும். ஒருமுறைக்கு இது அற்பம். 10 லட்சம் முறைக்கு அற்பமில்லை.

கருவியே வேண்டாத ஒரு சோதனை இருக்கிறது. அழைப்புகளின் எண்ணிக்கையை அப்படியே வைத்து, ஒவ்வொரு அழைப்புக்கும் கொடுக்கும் தரவை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். நேரமும் இரட்டித்தால் செலவு நூலகத்தின் வேலையில். நேரம் ஏறக்குறைய அப்படியே நின்றால் நீங்கள் கட்டியது சுங்கம். மருந்து அழைப்புகளைக் குறைப்பதுதான். 4ஆம் படியில் எழுதிவைத்த எண்ணிக்கையோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் ஐயத்துக்கு இடமிருக்காது.

அதிகம் பார்க்கும் குற்றவாளி: நம்பை அணியை மடக்கில் (லூப்) ஒவ்வோர் உறுப்பாக எடுப்பது. ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண் பொருள் பிறக்கிறது. இதற்குச் சாதாரணப் பைத்தான் பட்டியலே வேகமானது. அணியை அணியாகவே கையாளுங்கள். முடியாத இடத்தில் முதலில் பட்டியலாக மாற்றிவிட்டு மடக்கை ஓட்டுங்கள்.

வெக்டரைஸ் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம்பையில் அது எழுத வசதியான ஒரு மடக்கு மட்டுமே. உள்ளே ஒவ்வோர் உறுப்புக்கும் உங்கள் பைத்தான் செயற்கூறு அழைக்கப்படுகிறது. அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ் நூலகத்தில் வரிசை வரிசையாக அப்ளை போடுவதும் அதே கதை. எண்சார் உகப்பாக்கத்துக்கு (மிகச் சிறந்த விடையைத் தேடும் கணக்கு) நீங்கள் கொடுக்கும் பைத்தான் செயற்கூறோ எதிர்த்திசையில், சி-யிலிருந்து பைத்தானுக்கு, எல்லையைத் தாண்டுகிறது. சுங்கம் அங்கும் உண்டு.

சத்தமில்லாத நகல்களும் இங்கேதான் ஒளிந்திருக்கும். பட்டியலை நம்பை செயற்கூறுக்குக் கொடுத்தால் ஒவ்வோர் அழைப்பிலும் அது அணியாக மாற்றப்படும். 32 பிட் தசம அணியை 64 பிட் அணியோடு கூட்டினால் விடை 64 பிட்டாக விரியும். வெறும் எண்களுக்குப் பதிலாகப் பைத்தான் பொருள்களை வைத்திருக்கும் பொருள் வகை அணி இன்னும் மோசம்: பார்க்க நம்பை, நடப்பது முழுக்கப் பைத்தான். வேகம் வராத இடங்களில் முதலில் அணியின் வகையை அச்சிட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

7. நேரம் உண்மையிலேயே நூலகத்துக்குள் என்றால்

லினக்ஸில் பெர்ஃப் கருவியை எடுங்கள். அது கெர்னல் வரை பார்க்கும். முன்பெல்லாம் அதன் கண்ணுக்குப் பைத்தான் செயற்கூறுகள் எல்லாம் இன்டர்பிரெட்டரின் ஒரே சி செயற்கூறாகத்தான் தெரியும். பைத்தான் 3.12 முதல், பெர்ஃப் ஆதரவுத் தேர்வோடு தொடங்கினால் பைத்தான் செயற்கூறுகளின் பெயர்களும் அடுக்கில் வரும். அடுக்கு பாதியில் அறுந்து தெரிந்தால் ஃபிரேம் பாயின்டர் இல்லை என்று பொருள், 3.13இல் அது இல்லாமலே வேலை செய்யும் மாற்றுத் தேர்வு இருக்கிறது.

நூலகம் கணக்குப் போடுகிறதா, நினைவகத்துக்காக ஏங்குகிறதா என்று அடுத்துப் பாருங்கள். பெர்ஃபின் புள்ளிவிவரக் கட்டளை ஒரு சிபியு சுழற்சிக்கு எத்தனை ஆணைகள் முடிந்தன என்று சொல்லும். அது ஒன்றுக்கும் கீழே கிடந்து, கேஷ் தவறல்கள் (தேடிய தரவு கேஷில் இல்லாத முறைகள்) அதிகம் என்றால் தரவு வரும் பாதையில்தான் நெரிசல். நம்பை இயல்பாக வரிசை வரிசையாகத் தரவை அடுக்குகிறது. அதைப் பத்தி பத்தியாகப் படித்தால், நினைவகத்திலிருந்து வரும் 64 பைட் கட்டு ஒவ்வொன்றிலும் 8 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கீழே போடுகிறோம். அணி நினைவகத்தில் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை மாற்றினாலே போதும்.

கெர்னலின் பக்கப் பிழைகள் (நிரல் தொட்ட நினைவகப் பக்கம் தயாராக இல்லாததால் கெர்னல் தலையிடும் நிகழ்வுகள்) படத்தில் அகலமாகத் தெரிந்தால் இடைக்கால அணிகளைத் தேடுங்கள். மூன்று பெரிய அணிகளை ஒரே வரியில் பெருக்கிக் கூட்டினால், கண்ணுக்குத் தெரியாத இடைக்கால அணி ஒன்று பிறந்து இறக்கிறது. சுற்றுக்குச் சுற்று கெர்னல் புதிய பக்கங்களைச் சுழியமாக்கித் தர வேண்டியிருக்கலாம். நம்பை செயற்கூறுகளின் அவுட் வாதத்தில் ஏற்கெனவே உள்ள அணியைக் கொடுத்து மறுபயன்படுத்துங்கள்.

நேரம் அணிப்பெருக்கலிலேயே என்றால் அதைவிட வேகமான பெருக்கலை எழுத முயலாதீர்கள், தோற்பீர்கள். பெருக்கலைக் குறைக்கும் வழி பெரும்பாலும் மேலே பைத்தான் வரியில் இருக்கும். 1,000க்கு 1,000 அளவுள்ள இரண்டு அணிகளை முதலில் பெருக்கி, பிறகு ஒரு வெக்டரோடு பெருக்கினால் சுமார் 100 கோடிப் பெருக்கல்கள். வெக்டரோடு பெருக்குவதை முதலில் செய்து, வந்த விடையை அடுத்த அணியோடு பெருக்கினால் 20 லட்சம். அடைப்புக்குறியை இடம் மாற்றியதுதான் வித்தியாசம்.

8. ஜிபியு இருந்தால்

பைத்தான் வரி ஜிபியுவுக்கு வேலையை ஒப்படைத்துவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போய்விடும். விடையைக் கேட்கும் வரிதான் நின்று காத்திருக்கும். ஆகவே புரொஃபைலர், ஒற்றை எண்ணை எடுத்து அச்சிடும் அப்பாவி வரியின்மீது முழுப் பழியையும் போடும். அளக்க விரும்பும் பகுதிக்கு முன்னும் பின்னும் ஜிபியு வேலையை முடிக்கும்வரை காத்திருக்கச் செய்யும் ஒத்திசைவுக் கட்டளையைப் போட்டு அளங்கள். அளந்து முடித்ததும் அவற்றை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவையே புதிய தாமதம்.

9. திருத்தி, மறுபடி அளப்பது

கை வைக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். மொத்த நேரத்தில் 20 விழுக்காடு எடுக்கும் பகுதியை முற்றிலும் ஒழித்தாலும் நிரல் 1.25 மடங்குதான் வேகமாகும். இரண்டு மடங்கு வேண்டும் என்றால் அங்கே தொடங்குவதில் பயனில்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். புரொஃபைலரைக் கழற்றிவிட்டு ஐந்து முறையாவது ஓட்டி, மிகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நிரல்களின் குறுக்கீடு நேரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. மடிக்கணினி சூடேறினால் சிபியுவின் வேகம் தானாகக் குறையும் என்பதால் பழைய நிரலையும் புதிய நிரலையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் ஓட்டி ஒப்பிடாதீர்கள்.

சேமித்த விடையோடு ஒப்பிடும்போது கடைசி இலக்கம் வரை பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். உங்கள் கணக்குக்கு எவ்வளவு பிசகு தாங்கும் என்பதை முன்பே தீர்மானித்து, அந்த வரம்புக்குள் ஒப்பிடுங்கள்.

ஒரு திருத்தம் முடிந்ததும் 5ஆம் படிக்குத் திரும்புங்கள். பழைய படம் இனிச் செல்லாது. இரண்டாம் இடத்தில் இருந்தது முதலிடத்துக்கு வந்திருக்கும், சில சமயம் பக்கமே மாறியிருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு, 3ஆம் படியில் ஒன்றாக்கிய திரெட் எண்ணிக்கையை 1, 2, 4, 8 என்று ஏற்றி, சுருக்காத முழு ஓட்டத்தை ஓட்டிப் பாருங்கள். வேகம் கூடுவது எந்த எண்ணில் நிற்கிறதோ அதை அமைப்புக் கோப்பில் எழுதிவிடுங்கள். எத்தனை கோர் உள்ள கணினியில் அளந்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். வேறு கணினிக்கு மாறும்போது அந்த எண்ணை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.